விட்டுவிட்ட மீன்

'வழிகாட்டி' என்னும் சொல்லை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் வழங்கி வந்துள்ளோம். ஓய்வு பெற்ற நாளில் மேடையேற்றி, நம்மையும் அப்பெயரால் அழைத்துப் பொன்னாடை போர்த்தினர். கூச்சமின்றி ஏற்றுக்கொண்டோம். அறியாத இடத்துக்கு அழைத்துச் சென்று, பெறற்கரிய ஒன்றைப் பெறச் செய்பவரே வழிகாட்டி என்பது அந்நாளில் நாம் கொண்டிருந்த பொருள். அச்சொல்லுக்கு மறுபாதி ஒன்று உண்டு என்பதை 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அலாஸ்காவின் ஓர் ஆற்றில், முழங்கால் அளவுக் குளிர்நீரில் நின்றபடி கற்றோம். கற்பித்தவர் பேராசிரியர் அல்லர். கூலி பெற்றுக்கொண்டு பிறரை மீன்பிடிக்க அழைத்துச் செல்லும் ஒரு படகோட்டி.

நம் மகளும் மருமகனும் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் வாழ்கின்றனர். 1867இல் ரஷ்யாவிடமிருந்து 72 இலட்சம் டாலருக்கு அமெரிக்கா விலைக்கு வாங்கிய நிலப்பகுதி அது. 1959இல் அந்நாட்டின் 49ஆம் மாநிலமாயிற்று. கோடையில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் மறைவதில்லை. பதினொரு வயதுப் பேரன் நம் வருகைக்காக ஓர் ஆசையைச் சேமித்து வைத்திருந்தான். "தாத்தா வந்ததும் அரச சால்மன் பிடிக்கப் போக வேண்டும்" என்பதே அது.

அவன் ஆசைக்குக் காரணம் உண்டு. தூண்டிலால் பிடிக்கப்பட்ட அரச சால்மன்களில் உலகிலேயே மிகப் பெரியது அப்பகுதியின் கீனாய் ஆற்றில் கிடைத்தது. 1985ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் லெஸ் ஆண்டர்சன் என்பவர் பிடித்த அம்மீனின் எடை 97 பவுண்டு 4 அவுன்சு. ஏறத்தாழ 44 கிலோ. அதனைப் பாடம் செய்து சொல்டாட்னா என்னும் ஆற்றங்கரை ஊரில் காட்சிக்கு வைத்துள்ளனர். பேரன் அதன் அருகில் நின்று எடுத்துக்கொண்ட படம் அவன் படிக்கும் மேசைமேல் இருந்தது. மீன் அவனைக் காட்டிலும் கனமானது என்பதில் அவனுக்கு அளவிலாப் பெருமை.

மருமகன் மூன்று நாட் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். முதல் நாள் கடலில் ஹாலிபட். அடுத்த இரு நாளும் ஆற்றில் டிரவுட்டும் சால்மனும். இத்தகைய பயணங்கள் அங்கு ஒரு பெருந்தொழில். படகும் தூண்டிலும் இரையும் வழிகாட்டியுடையவை. உரிமச் சீட்டு மட்டும் பயணி தாமே வாங்கிக்கொள்ள வேண்டும். படகோட்டி கடலோரக் காவற்படையின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். சிறிய படகாயின் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றலாகாது. இவ்விதிகளையெல்லாம் மருமகன் எடுத்துரைத்தபோது, மீன்பிடிக்கவும் இத்துணைச் சட்டமா என்று நகைத்தோம்.

தெற்கு நோக்கி ஏறத்தாழ 350 கிலோமீட்டர் சாலைவழிச் சென்று ஹோமர் என்னும் ஊரை அடைந்தோம். கச்சிமேக் விரிகுடாவுக்குள் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல்திட்டு விரல்போல் நீண்டு கிடக்கிறது, அதன்மேல் படகுத்துறை. கடல் ஏற்றவற்றத்தில் அங்கு நீர்மட்டம் சில நாட்களில் இருபத்தைந்து அடிக்கு மேல் மாறும். ஆதலால் காலையில் ஏணிபோற் செங்குத்தாய் இருந்த துறைப்பாலம், மாலையில் திண்ணைபோல் மட்டமாகிக் கிடந்தது.

ஹாலிபட் நமக்கு முற்றிலும் அயலான மீன் அன்று. நம் கடற்கரையில் 'எருமை நாக்கு' என்றொரு தட்டைமீன் உண்டு. விலங்கியலார் அதற்கு இட்ட பெயரில் 'எருமெய்' என்னும் சொல் இன்றும் நிற்கிறது. ஹாலிபட் அவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் கதவு அளவுக்கு வளரும். குஞ்சாக இருக்கையில் மற்ற மீன்களைப் போல் நிமிர்ந்து நீந்தும். பின்னர் இடக்கண் மெல்ல நகர்ந்து வலப்பக்கம் வந்து சேர, மீன் ஒருக்களித்துக் கடலடியில் படுத்துவிடும். மேற்புறம் மண் நிறம், கீழ்ப்புறம் வெண்மை. 1996இல் அலாஸ்காவின் டச்சுத் துறைமுகத்தில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்று 459 பவுண்டு எடையுடையது.

இரண்டு மணி நேரம் ஓடிய பின் படகு நின்றது. ஹெர்ரிங் என்னும் சிறுமீனை முள்ளிற் கோத்து, கனத்த ஈயக்குண்டு கட்டி இறக்கினோம். குண்டு தரையைத் தொட்டதும் கயிற்றைச் சற்றே மேலிழுத்துக் காத்திருத்தலே வேலை. சற்று நேரத்தில் நம் கோல் வளைந்தது. மீனை இழுக்கிறோமா, கடலடித் தரையையே இழுக்கிறோமா என்ற ஐயம் எழுந்தது. கைகள் சோர்ந்து, மருமகன் தாங்கிப் பிடிக்க, கால் மணி நேரத்தில் பச்சை நீருக்கடியில் ஒரு பெரும் பழுப்பு நிழல் தோன்றியது. படகுத் தலைவர் எட்டிப் பார்த்தார். மீனைக் கொல்லும் கோலை எடுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "இதனை நீங்கள் வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் இது பெரிய தாய்மீன். இதைவிடச் சிறியதே உண்ணச் சுவையானது. முடிவு உங்களுடையது" என்றார்.

பெரிய ஹாலிபட்டுகள் ஏறக்குறைய எல்லாமே பெண் மீன்கள் என்பதை அப்போதுதான் அறிந்தோம். 250 பவுண்டு எடையுள்ள ஒன்று ஓராண்டில் நாற்பது இலட்சம் முட்டைகள் இடும். ஐம்பத்தைந்து வயது வரை வாழ்ந்தவையும் உண்டு. வாடகைப் படகில் செல்வோர்க்கு அக்கடலில் 2024இல் ஒரு நாளைக்கு இரண்டு மீன். அவற்றுள் ஒன்று குறித்த அளவுக்குட்பட்டதாய் இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவை ஆண்டுதோறும் கணக்கிட்டு மாற்றுவர். குறிப்பிட்ட சில நாட்களில் அப்படகுகளில் செல்வோர்க்கு ஹாலிபட்டை வைத்துக்கொள்ள அனுமதி இருக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் வேர் 1923ஆம் ஆண்டில் இருக்கிறது. ஹாலிபட் குறைந்து வருவதை அமெரிக்க, கனடிய மீனவர் கண்டு அஞ்சியதன் விளைவாக, இரு நாடுகளும் அவ்வாண்டு உடன்படிக்கை செய்துகொண்டு ஒரு பொது ஆணையம் அமைத்தன. அவ்வாணையம் இன்றும் செயற்படுகிறது. நூறாண்டு கடந்தும் அம்மீன் கடலில் எஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவையும் கேட்ட பின்னும், உண்மையைச் சொல்வதாயின், அம்மீனை விட நமக்கு மனமில்லை. ஊருக்கு அனுப்பப் படம் வேண்டுமே! அரைமனத்தோடு தலையசைத்தோம். தலைவர் முள்ளை நீக்கினார். ஒரே வாலடியில் நிழல் மறைந்தது. மாலையில் சிறிய மீன்கள் இரண்டுடன் துறை சேர்ந்தோம்.

மறுநாள் கீனாய் ஆறு. மலைமேலுள்ள ஏரியிலிருந்து குக் கடற்கால் வரை ஏறத்தாழ 132 கிலோமீட்டர் ஓடும் ஆறு அது. பனியாறுகள் அரைத்த பாறைத் தூள் கலந்திருப்பதால் நீர் நீலமும் பச்சையும் குழைத்த நிறமுடையது. அங்குத் தொன்றுதொட்டு வாழும் டெனாயினா மக்கள் அதனைக் 'காட்னு' என்பர். சால்மனால் வாழ்ந்த மக்கள் அவர்கள்.

முந்தின இரவே மருமகன் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். அரச சால்மன் பிடிக்க அவ்வாண்டு ஆறு மூடப்பட்டிருந்தது. 2023இலும் அவ்வாறே. (2025இலும் தடை நீடித்தது என்பதைப் பின்னர் அறிந்தோம்.) ஆற்றுமுகத்திலிருந்து ஏறத்தாழ பதினான்கு மைல் தொலைவில் ஒலியலைக் கருவி வைத்து, ஏறிவரும் மீன்களை எண்ணுகின்றனர். எண்ணிக்கை குறைந்தால் தடை வரும். செஞ்சால்மன் பிடிக்கத் தடையில்லை. டிரவுட் பிடிக்கவும் தடையில்லை. பேரன் ஒன்றும் பேசவில்லை. தட்டிலிருந்த உணவைத் தொடாமல் எழுந்து போனான்.

நம் வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். அவர் தந்தையும் அதே ஆற்றில் அதே தொழில் செய்தவராம். முதல் நாள் ஆற்றின் மேற்பகுதியில் துடுப்புப் படகில் மிதந்தபடி வானவில் டிரவுட் பிடித்தோம். ஆங்கிலேயர் நீலகிரியின் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கச் செய்து நம் மலையோடைகளில் விட்டது இதே இனம். சால்மன் முட்டைகளைத் தின்று கொழுப்பது அதன் இயல்பு. எனவே முட்டை போன்ற சிறு மணியைக் கட்டித் தூண்டில் இடுவர். பெரிய டிரவுட்டை வைத்துக்கொள்ள விதி இடந்தராது. பேரன் பிடித்த ஐந்தும் ஆற்றுக்கே திரும்பின. ஆறாவதைத் தானே விட்டான். கையை முதலில் நனைத்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டான். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு நீங்கி நோய் பற்றும் என்றார் வழிகாட்டி.

மூன்றாம் நாள் சரளைக் கரையோரம் வரிசையாய் நின்று செஞ்சால்மனுக்குத் தூண்டில் வீசினோம். கடலிலிருந்து ஆறேறும் சால்மன் இரை கொள்வதில்லை. பிறந்த ஓடையின் மணத்தை நுகர்ந்து, உடலிற் சேர்த்த கொழுப்பையே எரித்து, மேலேறி முட்டையிட்டு மடியும். அதன் உடலிலிருந்த கடற்சத்து கரையோர மரங்களில் சேர்வதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். இரை கொள்ளாத மீனை ஒழுக்கில் நூலை ஓடவிட்டு வாயில் முள் தைக்கச் செய்ய வேண்டும். வேறெங்கேனும் தைத்தால் விட்டுவிட வேண்டும். நாளொன்றுக்கு மூன்று என்பது பொது வரம்பு. வரவு மிகுந்தால் அதனை உயர்த்துவர்.

பிற்பகலில் பேரனின் கோல் முறிந்துவிடும்போல் வளைந்தது. நூல் ஓலமிட்டு ஓடிற்று. வழிகாட்டி நீரைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தார். நெடுநேரப் போராட்டத்துக்குப் பின் மீன் ஆழமற்ற நீருக்கு வந்தது. பக்கங்கள் வெள்ளியாய் ஒளிர்ந்தன. முதுகிலும் வால் முழுதும் கரும்புள்ளிகள். வழிகாட்டி குனிந்து வாயைப் பார்த்தார். ஈறு கறுப்பு. அரச சால்மன்!

"ஒரே ஒரு படம்! தூக்கிப் பிடித்து ஒரே ஒரு படம்!" என்று கதறினான் பேரன். நாமும் கெஞ்சினோம். "சிறுவன்தானே, ஐயா! ஒரு நொடி" என்றோம். அக்கரையில் எவருமில்லை, காண்பார் யாருமில்லை. பெருந்தொகை கொடுத்து அவரை அமர்த்தியவர் நாம். வழிகாட்டி நம்மை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. விடவேண்டிய அரச சால்மனை நீரைவிட்டு எடுத்தல் சட்டப்படி குற்றம். குறடால் முள்ளை நீக்கி, மீனின் முகத்தை ஒழுக்கின் பக்கம் திருப்பி, இரு கைகளாலும் நீருக்குள்ளேயே ஏந்திக்கொண்டார். பின்னர் பேரனை அருகே அழைத்து, "உன் கையை இங்கே வை" என்றார். சிறுவனின் கைகள் வயிற்றுக்கடியிற் சென்றன. செவுள்கள் திறந்து மூடின. ஒரு முறை, இரு முறை, பல முறை. திடீரென அவன் கைகளில் ஓர் அதிர்வு. மீன் இல்லை. நீலநீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பேரன் அழுதான். நமக்கு முகம் கொடுக்க இயலவில்லை. சிறிது நேரம் சென்றபின், கரைக்கல்லில் அமர்ந்து வழிகாட்டி பேசினார். அவர் மொழியை நம் மொழியில் தருகிறோம்:

"என் தந்தை காலத்தில் ஜூலை மாதம் முழுதும் இம்மீனுக்காகவே பயணிகள் வருவர். எல்லாருக்கும் பெரியதே வேண்டும். நாங்களும் பெரியதையே தேடிக் கொடுத்தோம். அதுவே எங்கள் புகழ். இன்று என்னிடமிருந்த இரு படகுகளுள் ஒன்றை விற்றுவிட்டேன். கடல் வெப்பம் என்கிறார்கள். கடலில் இரை மாறிவிட்டது என்கிறார்கள். கப்பல் வலைகள் என்கிறார்கள். எல்லாவற்றிலும் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் எங்கள் பெயரும் இருக்கிறது. அதை நான் மறைப்பதில்லை."

அவர் கூறியதைப் பின்னர் நூல்களிலும் தேடினோம். 2012இலேயே குக் கடற்கால் பகுதியின் அரச சால்மன் வீழ்ச்சியை நடுவண் அரசு மீன்வளப் பேரிடராக அறிவித்தது. அலாஸ்காவில் அறுபது ஆண்டுகளில் அளக்கப்பட்ட ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் சால்மன்களின் கணக்கை ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. 1990க்கு முன் இருந்ததைவிட அரச சால்மனின் சராசரி நீளம் 8 விழுக்காடு குறைந்துவிட்டது என்பது அதன் முடிவு. மீன்கள் முன்னிலும் இளவயதிலேயே ஆறேறிவிடுகின்றன. சிறிய மீன் இடும் முட்டையும் குறைவு.

வடக்கே யூக்கான் ஆற்றின் நிலை இன்னும் கொடிது. அங்கு ஏறும் அரச சால்மனை ஏழாண்டுகள், அதாவது அம்மீனின் ஒரு முழுத் தலைமுறைக் காலம், பிடிப்பதில்லை என 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் உடன்பட்டன. அவ்வாற்றங்கரையில் யூப்பிக், அத்தபாஸ்கர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அம்மீனை உலர்த்திக் குளிர்காலத்தைக் கழித்தவர்கள். அவர்களுக்கு அது படம் எடுக்கும் பொருள் அன்று, உணவு. மீன் உலர்த்தும் பந்தலில் பாட்டியிடம் பேத்தி கற்கும் கல்வியும் அதனோடு சேர்ந்தது. உடன்படிக்கை நாளில் நான்கு வயதாயிருந்த குழந்தை, தடை முடியும்போது பதினொரு வயதை எட்டும். நம் பேரனின் வயது. தங்கள் உணவையே ஏழாண்டு நிறுத்திவைக்கும் மக்கள் இருக்கும் மாநிலத்தில், ஒரு படத்துக்காக ஒரு நொடி கேட்டவர் நாம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் நம் ஊர்க் கண்மாயின் மடை நினைவுக்கு வந்தது. முதல் மழையில் புதுநீர் பாயும்போது, வயிறு நிறையச் சினை தாங்கிய கெண்டையும் கெளிறும் ஒழுக்கை எதிர்த்து ஏறிவரும். சால்மன் கடலிலிருந்து ஏறுவது எதற்கோ அதற்கே அவையும் ஏறின. கூடையும் வேட்டியும் கொண்டு நாம் அள்ளினோம். ஊரே அள்ளிற்று. கண்மாயைக் காக்கும் நீர்க்கட்டி ஒருவர் மட்டும் கரைமேல் நின்று, "சினை மீனை விட்டுடுங்கப்பா, அடுத்த வருசத்துக்கு வேணும்ல" என்று குரல் கொடுத்தார். அவர் சொல்லை யார் கேட்டனர்? "கிழவருக்குப் பங்கு கிடைக்கவில்லை போலும்" என்று நகைத்தவர்களுள் நாமும் ஒருவர். பின்னாளில் கண்மாய் தூர்ந்ததும் மடை அடைபட்டதும் வேறு கதை. ஆயினும் அம்மீன்கள் இன்று அங்கு இல்லை. அம்மனிதரின் பெயரும் நம் நினைவில் இல்லை. நமக்கு வாய்த்த முதல் வழிகாட்டி அவரே என்பது, கடல்கள் கடந்து சென்ற பின்னன்றோ நமக்குத் தெரிந்தது!

கொண்டு சேர்ப்பது வழிகாட்டியின் பாதித் தொழில். ஆசையின் விளிம்பில் நிற்பவனை, அவன் கோபத்தையும் தன் வருவாய் இழப்பையும் பொருட்படுத்தாமல் நிறுத்துவது மறுபாதி. முதற்பாதிக்குத் திறமை போதும். மறுபாதிக்கு நெஞ்சுரம் வேண்டும். வகுப்பறையில் எத்தனையோ மாணவரை முன்னே செல்லத் தூண்டினோம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினோமா என்று எண்ணிப் பார்க்கையில், நினைவுக்கு வரும் நாட்கள் மிகச் சில. அவர்கள் வருந்துவரே என்று வாளா இருந்த நாட்களே பல. ஊர்ப் பெரியோரும் தம் வாழ்வில் இக்கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆங்கரேஜ் திரும்பிய பின் ஒரு மாலை பேரனின் மேசையைக் கண்டோம். பாடம் செய்த மீனின் படம் அங்கு இல்லை. அவ்விடத்தில் அவனே வரைந்த ஓவியம் இருந்தது. நீலநீருக்குள் நான்கு கைகள், நடுவே ஒரு மீன். அதன் எடை எவ்வளவு இருந்திருக்கும் என்று வினவினோம்.

"தெரியாது தாத்தா. தூக்கிப் பார்க்கவில்லையே" என்றான். அவன் குரலில் வருத்தம் இல்லை.